முப்பத்து மூன்று நாள் சாரல்

துல்கர்னைன் வாத்தியாரால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் கால் இரண்டும் மேஜைக்கடியில் மாறி மாறி மிதித்துக்கொண்டிருக்கும். பத்து வயதில் தறிக்குழிக்குள் இறங்கிய கால்கள். தென்காசிப் பள்ளிக்கூடம் ஒன்றில் நெசவு ஆசிரியராகிப் பதினோரு வருஷம் ஆகியும் அவை தறியை விட்டு வெளியே வரவில்லை. மற்ற ஆசிரியர்கள் அவரைத் தறி வாத்தியார் என்றார்கள். முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மே மாதக் கடைசியில் ஹெட்மாஸ்டர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஒரு சிறு புத்தகத்தை மேஜையில் தள்ளினார்.

"சாரணர் படை ஆரம்பிக்கப் போறோம். பையன்களுக்குப் பேட்ஜ் குடுக்கதுக்கு முன்னால வாத்தியார் அதைச் செஞ்சு காட்டணும். மூணு பேட்ஜ். மரம், பறவை, வானிலை. ஆறு வாரம் தினமும் குறிப்பு எழுதணும். தேர்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டா ஆகஸ்டுல மெட்ராஸ்ல பத்து நாள் முகாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆளுதான்."

"காந்திமதிநாதன் சார் சயின்ஸ் படிச்சவராச்சே."

"அவரையும் எழுதச் சொல்லியிருக்கேன். நீரு தேறலேன்னா அவரு போவாரு. ஆனா சனிக்கிழமை தோறும் பையன்களைக் கூட்டிக்கிட்டு அலைய அவரு வரமாட்டாரு. நீரு வருவீரு. எப்படியும் அலையத்தானே செய்தீரு."

துல்கர்னைன் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அவர் எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு தடவை எழுதியவர். இரண்டு தடவையும் விஞ்ஞானத்தில் போயிற்று. முதல் தடவை முப்பத்தொன்று, அடுத்த தடவை இருபத்தொன்பது. நெசவுப் பயிற்சியில் சேர்ந்தது அந்தத் தேறாத சான்றிதழைக் காட்டித்தான். இந்த ஆறு வாரக் குறிப்பேட்டில் ஒரு கையெழுத்து விழுந்தால், முப்பத்தாறாவது வயதில் விஞ்ஞானத்தில் தேறியதாக ஒரு தாள் அவர் கையில் இருக்கும். ஹெட்மாஸ்டருக்கு வேண்டியது ஒரு சாரண ஆசிரியர். அவருக்கு வேண்டியது அந்தத் தாள்.

ஜூன் முதல் தேதி தொடங்கினார்.

மரம் லேசாக இருந்தது. குற்றாலம் சாலையில் முப்பது வருஷம் நடந்தவர், ஓரத்தில் நிற்பதெல்லாம் மரம் என்ற அளவில்தான் அறிந்திருந்தார். இப்போது ஒவ்வொன்றின் கீழும் நின்று இலை பறித்தார். வண்டிக்காரர்களை நிறுத்திப் பெயர் கேட்டார். மருதம், புங்கு, இலுப்பை, நாவல். இலையைத் தாளுக்கடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நரம்பு எழும்பி வந்தது. நெசவில் பாவும் ஊடும் போல இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. உற்றுப் பார்த்தபோது அப்படி இல்லை. ஆற்றின் கிளைகள் போல இருந்தது. பாவும் ஊடும் என்று எழுதியதை அடித்துவிட்டார்.

பறவைதான் படுத்தியது. ஒரே இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் நின்று கவனிக்க வேண்டும் என்றது புத்தகம். சிற்றாற்றங்கரையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். நாலு நிமிஷம் நிற்க முடிந்தது. ஐந்தாவது நிமிஷம் கால் தானாக நடந்தது. அதனால் நடந்துகொண்டே பார்த்தார். பதினேழு பறவை கிடைத்தது. "நின்று பார்க்கவில்லை, நடந்து பார்த்தது" என்று ஓரத்தில் எழுதிவைத்தார்.

வானிலையில்தான் அவருக்கு உயிர் இருந்தது. அதில் எண் இருந்தது. யாரையும் கேட்க வேண்டாம். வாய் அகன்ற பிஸ்கட் டப்பா ஒன்றை மழையில் வைக்க வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரை ஒல்லியான சீசாவில் ஊற்றி அளக்க வேண்டும். மருந்துக்கடையில் மிக்சர் சீசாவுக்கு ஒட்டுகிற மாதிரி, கோடு வெட்டிய காகிதத்தைச் சீசாவில் ஒட்டினார். ஒரு கோடு என்றால் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு.

டப்பாவை எங்கே வைப்பது என்று அரைநாள் வீட்டைச் சுற்றினார். காற்றில் சாயக்கூடாது. ஆடு மாடு அண்டக்கூடாது. தெருவில் வைத்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். மேற்கே வெட்டவெளியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். கடைசியில் கிழக்கு முற்றத்தில், அவர் மனைவி ஹைருன் பீவி நூல் சிட்டங்களைக் காயப்போடும் மூங்கிலுக்குப் பக்கத்தில், மூன்று செங்கல் அடுக்கி நடுவில் வைத்தார். ஆடாமல் நின்றது.

ஜூன் ஐந்தாம் தேதி சாரல் இறங்கியது. மலை மறைந்தது. அருவி விழுகிற சத்தம் கேட்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் சரிந்து வந்து சட்டையை நனைத்தது. மறுநாள் காலை துல்கர்னைன் ஆறே முக்காலுக்கே முற்றத்தில் நின்றார். ஏழு மணிக்கு டப்பாவைச் சீசாவில் சாய்த்தார். ஒன்றும் இல்லை. டப்பாவின் அடியில் ஈரம் மட்டும் பூத்திருந்தது.

சைபர் என்று எழுதினார்.

அடுத்த நாளும் சைபர். அதற்கடுத்த நாளும். இடையில் ஒருநாள் இரண்டு கோடு. பிறகு மறுபடி சைபர். வகுப்பை விட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவந்து டப்பாவை எட்டிப் பார்த்தார். மத்தியானம் பார்த்தார். மாலையில் பார்த்தார். ஹைருன் பீவி ராட்டினத்தில் ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே அவர் வருவதையும் போவதையும் பார்த்தாள்.

"அதுல என்ன முட்டையா வெச்சிருக்கிய, அடிக்கொரு தரம் வந்து பாக்கதுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்த ஓட்டம்?"

ஆசிரியர் அறையில் விஷயம் பரவிவிட்டது. காந்திமதிநாதன் டீத் தம்ளரோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன வே, ஊரே நனையுது. உம்ம டப்பா மட்டும் நோன்பு புடிக்காமே?"

எல்லாரும் சிரித்தார்கள். துல்கர்னைன் சிரிக்கவில்லை. இரண்டு வாரமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்ததை அப்போது முதல் தடவையாக வெளியே சொன்னார்.

"சாரல் வேற, மழை வேற சார். மழைத்துளி கனம். நேரா விழும். சாரல் பூந்துளி. அதுக்குக் கனமே கெடையாது. விழுகதுக்குள்ள காத்து தூக்கிட்டுப் போயிருது. மேல பட்டா நனைக்கும். ஏனத்த, பாத்திரத்த நிறைக்காது."

காந்திமதிநாதன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நனைக்கும், நிறைக்காது. நல்லாத்தான் இருக்கு. நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்ல."

அன்று மாலை துல்கர்னைன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. யானைப்பாலம் வரை நடந்தார். திரும்பி வந்து மறுபடி நடந்தார். தானாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். சயின்ஸ் படித்தவரே படித்திராத ஒன்று. குறிப்பேட்டில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதினார்: சாரல் நனைக்கும், நிறைக்காது. அடியில் சிவப்பு மசியால் கோடு போட்டார். அதற்குப் பிறகு காலையில் சைபரைப் பார்க்கும்போது எரிச்சல் வரவில்லை. ஒருவிதத் திருப்திகூட வந்தது.

ஜூலை மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் வழியில் டப்பாவைப் பார்க்க வீட்டுக்குள் நுழைந்தார். பள்ளிவாசலிலிருந்து வருவதற்குள் சட்டை தெப்பமாகிவிட்டது. ஹைருன் பீவி முற்றத்தில் மூங்கிலிலிருந்து சிட்டங்களை உருவிக்கொண்டிருந்தாள். உலர்ந்த சிட்டங்கள். அவள் உதறியபோது சாயப்பொடி பறந்தது.

துல்கர்னைன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்பக் காயப்போட்டது?"

"காலைல."

"காலைலருந்து சாரல் அடிக்குதே. எப்படிக் காஞ்சுது?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டிய. சாரல் படாத எடம்னுதானே இங்கன போடுதேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து இங்கனதான் போடுதேன். ஒங்க உம்மாவும் இங்கனதான் போட்டாவ. மேக்குச் சுவரு மறைச்சிக்கிடும்லா."

அவர் மேற்குச் சுவரைப் பார்த்தார். ஆறு முழ உயரத்துக்கு எழும்பி, மேலே கூரை சரிந்து இறங்கியிருந்தது. சாரல் கூரைக்கு மேலே வெள்ளையாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் போய் அடித்தது. அந்தச் சுவர் தண்ணீர் வழிய வழிய நனைந்திருந்தது. நடுவில் அவருடைய டப்பா.

காற்றில் சாயாத இடம் தேடினார். சாரல் காலத்தில் நனையக்கூடாத எதையும் கொண்டுபோய் வைக்கிற இடத்திலேயே கை டப்பாவையும் கொண்டுபோய் வைத்துவிட்டது. விறகை அங்கேதான் வைப்பார்கள். நூலை, கஞ்சிப் பானையை, தொட்டிலை எல்லாம் அங்கேதான். மழையை அளக்கிற டப்பாவை மழை படாத இடத்தில் வைத்து முப்பத்து மூன்று நாள் அளந்திருக்கிறார்.

"முந்தியே சொல்லியிருக்கலாம்ல, ஹைருன்."

"நீங்க எதுக்கு வெச்சிருக்கியன்னு எனக்கு எப்படித் தெரியும்? நனையக் கூடாத சாமான்னு நெனச்சேன்."

அன்று மதியம் வகுப்பில் என்ன நடத்தினார் என்று அவருக்கே தெரியாது. மணி அடித்ததும் காந்திமதிநாதனைத் தேடிப் போனார். சொன்னார். காந்திமதிநாதன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

"யாருட்டயும் சொல்லாதியும். என் நோட்டைப் பாத்து எழுதிரும்."

"நீங்க எங்க டப்பா வெச்சீங்க?"

"நான் எங்க வே வெச்சேன்? தாலுகா ஆபீசுல மழைமானி இருக்கு. அங்க குமாஸ்தா என் மச்சினன். மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா எழுதி வாங்கிட்டேன். ஒரு கோடு பிசகாது." ஏதோ இரக்கத்தோடு சொன்னார். "நீரு அளந்தது தப்பு. நான் அளக்காதது சரி. என்னத்தச் சொல்ல."

துல்கர்னைன் நோட்டைக் கையில் வாங்கினார். நாலு பக்கம் புரட்டினார். ஜூன் பத்தாம் தேதி இருபத்திரண்டு கோடு. அவருடைய நோட்டில் அன்று சைபர். அன்றைக்கு முட்டி வரை நனைந்து வீடு வந்தது நினைவில் இருந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"தேர்வுக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு சார். ரெண்டு டப்பா வெக்கப் போறேன்."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு கெழக்க. ஒண்ணு மேக்க. வித்தியாசம் தெரிஞ்சா விகிதம் போட்டுப் பழசைத் திருத்திரலாம்."

"அது நல்ல யோசனை," என்றார் காந்திமதிநாதன். அவருக்கும் மூச்சு வந்தது.

மேற்கே வெட்டவெளியில் வேலிக்கல் ஒன்றின்மேல் இரண்டாவது டப்பாவைக் கம்பியால் கட்டினார். ஜூலை நாலாம் தேதி முதல் அளந்தார். முதல் நாள் மேற்கே இருபத்தொரு கோடு. கிழக்கே சைபர். மறுநாள் மேற்கே பதினாலு, கிழக்கே இரண்டு. அதற்கு அடுத்த நாள் ஒன்பது, சைபர். பிறகு முப்பது, ஒன்று. ஒன்பது நாளில் மேற்கே நூற்று நாற்பத்தெட்டு கோடு. கிழக்கே ஆறு.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி அளவை எடுத்துவிட்டு, தாழ்வாரத்தில் நின்றபடியே விகிதம் போட்டார். வகுத்தார். பழைய நாட்களுக்கு வந்தார். ஜூன் பத்து, சைபர். சைபரை எதால் பெருக்கினாலும் சைபர். ஜூன் பதினொன்று, சைபர். இருபத்தாறு நாள் அப்படி இருந்தது. கிழக்கே தண்ணீர் விழாத நாளில் மேற்கே ஒன்பதும் விழுந்திருக்கலாம், இருபத்தைந்தும் விழுந்திருக்கலாம். அதைச் சொல்ல எந்த விகிதமும் இல்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முற்றத்தை எட்டுச் சுற்று சுற்றினார். பிறகு குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்.

தேர்வாளர் பால்வண்ணநாதன் பாளையங்கோட்டைக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சீசனுக்கு வந்து ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். துல்கர்னைன் போனபோது அவர் பேரருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலைமுடி ஈரமாகப் பிடரியில் ஒட்டியிருந்தது. கண் சிவந்து முகம் குழந்தை முகம் போல இருந்தது. மேஜைமேல் காந்திமதிநாதனின் நோட்டு ஏற்கெனவே இருந்தது.

"உக்காரும்."

துல்கர்னைன் உட்கார்ந்தார். கால் மிதிக்கத் தொடங்கியது.

பால்வண்ணநாதன் பொறுமையாகப் படித்தார். இலைகளைப் பார்த்துத் தலையாட்டினார். "நடந்து பார்த்தது" என்ற இடத்தில் சிரித்தார். மழைப் பக்கங்களுக்கு வந்தார். சிவப்புக் கோட்டில் அவர் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தார்.

"சாரல் நனைக்கும், நிறைக்காது. யாரு சொன்னது?"

"நானா எழுதினது சார்."

"இருபது வருஷமா இந்தக் குறிப்பேடு பாக்கேன். எல்லாம் புஸ்தகத்தப் பாத்து எழுதுதான். ஒருத்தனாவது தானா ஒண்ணு யோசிச்சு எழுதி இன்னைக்குத்தான் பாக்கேன். எத்தனை சைபர். ஒருத்தனுக்கு இத்தனை சைபர் எழுதத் தைரியம் வேணும். வேற எவனாயிருந்தாலும் நாலு அஞ்சுன்னு போட்டு நிரப்பியிருப்பான். முகாம்ல உம்மைய இதப் பேசச் சொல்லணும்."

பேனாவைத் திறந்தார். முப்பத்து மூன்றாம் நாள் வரைதான் படித்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு பக்கம் இருந்தது. அதை அவர் புரட்டவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தை நேராகத் திறந்து, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினார்.

துல்கர்னைனின் கால்கள் நின்றுவிட்டன. உடம்பில் எதுவும் அசையவில்லை. வெளியே யாரோ ஈர வேட்டியை உதறும் சத்தம் கேட்டது. வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவர் பொய் எழுதவில்லை. எல்லாம் நோட்டில் இருக்கிறது. புரட்டாதது அவர் குற்றமில்லை. பேனா முள் தாளைத் தொட்டது.

"சார். ரெண்டு பக்கம் விட்டுட்டீங்க."

பால்வண்ணநாதன் நிமிர்ந்தார். பக்கத்தைப் புரட்டினார். இரண்டு வரிசை எண்களைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததையும் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"அப்ப மொத முப்பத்து மூணு நாளும்?"

"தப்பு சார். டப்பா சுவர் மறைவுல இருந்துது."

"நனைக்கும், நிறைக்காதுன்னு எழுதினது?"

"அதுவும் தப்பு. மேக்க நிறைக்குது சார்."

"இத ஏன் இப்பச் சொல்லுதீரு?"

கேட்டதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நாளைக்குப் பையன்க டப்பாவத் தூக்கிட்டு வந்து எங்க வைக்கணும்னு கேப்பானுவ சார்."

பால்வண்ணநாதன் ஈரத் தலையைத் தடவினார். பேனாவை மூடினார்.

"ஆறு வாரம் தொடர்ந்து அளக்கணும்னு விதி. உம்ம கையில ஒம்பது நாள் இருக்கு. நான் என்ன செய்ய?"

"தெரியுது சார்."

"அடுத்த சீசனுக்கு எழுதும்."

மற்ற நோட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "இவருது நாப்பத்திரண்டு நாளும் ஒழுங்கா இருக்கு," என்றார். துல்கர்னைன் அந்த நோட்டைப் பார்த்தார். கடைசி ஒன்பது நாள் எண்கள் அவருடைய மேற்கு டப்பாவின் எண்களோடு கிட்டத்தட்டப் பொருந்தியிருந்தன. இருபது. பதினைந்து. ஒன்பது. சொல்ல ஒன்றும் இல்லை. எண்கள் சரி.

பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. தென்காசி வரை நடந்தார். மருதமும் இலுப்பையும் பெயரோடு நின்றன. ஒன்றையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஹைருன் பீவி துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"கெடைக்கலையா?"

"இல்ல."

அவள் ராட்டினத்துக்குத் திரும்பினாள். ஒரு தார் முடிந்தது.

"அப்பம் அந்த டப்பாவ எடுத்துரவா? நூல் போட எடம் பத்தல."

"கெழக்க உள்ளத எடுக்காத."

"அதுலதான் தண்ணியே விழலையே."

"விழலங்கதும் தெரியணும்ல."

அவள் அடுத்த தாரை மாட்டினாள். இந்த மனுஷனுக்கு அலைய ஒரு காரணம் போனால் இன்னொரு காரணம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜூலைக் கடைசியில் காந்திமதிநாதன் தறிக்கொட்டகைக்கு வந்தார். அங்கே அவர் அதுவரை வந்ததில்லை. தலை தறிக்கட்டையில் இடிக்காமல் குனிந்து நின்றார். மறுநாள் அவருக்கு ரயில்.

"நான் கேட்டு வாங்கின பயணம் இல்ல வே. கொழுந்தியா வீடு மெட்ராஸ்ல இருக்கு, பாத்துட்டு வரலாம்னு பேரைக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"தெரியும் சார்."

"முகாம்ல குறிப்பேட்டப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணுமாம். கடுதாசி வந்திருக்கு. எப்படி அளந்தீருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? மச்சினன் கொடுத்தான்னா?"

துல்கர்னைன் ஓடக்கட்டையை வைத்துவிட்டு எழுந்தார். டப்பா எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், சீசாவில் கோடு எப்படி வெட்ட வேண்டும், தரையிலிருந்து எவ்வளவு உயரம், சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொன்னார். சொல்லச் சொல்ல நடந்தார். காந்திமதிநாதன் ஒரு காகிதத்தில் மாணவனைப் போல எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்துத் தயங்கினார்.

"அந்த ரெண்டு டப்பாக் கணக்கு. நூத்தி நாப்பத்தெட்டும் ஆறும். அதத் தாருமே. உம்ம பேரச் சொல்லியே படிக்கேன். தேறாட்டாலும் பேராவது மெட்ராஸ்ல கேக்கட்டும்."

துல்கர்னைன் கொட்டகை வாசலில் நின்றார். அவர் பெயர். மெட்ராஸில், நூறு பேர் முன்னால். பையில் கைவிட்டால் நோட்டு இருந்தது. கை போயிற்று. அட்டையைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"இல்ல சார். அது இன்னும் சரியா வரல. காத்து இருக்கப்ப ஒரு மாதிரி, காத்து விழுந்தா வேற மாதிரி வருது. இன்னைக்கி இருபத்தேழாவது நாள். எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தேர்வுதான் முடிஞ்சு போச்சே வே. யாரு கேக்கா?"

"யாரும் கேக்கல."

"பின்ன எப்ப முடியும்?"

துல்கர்னைன் மேற்கே பார்த்தார். மலையின் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

"நேத்து கெழக்க நாலு கோடு வந்திருக்கு சார்," என்றார். "ஏன்னு தெரியல."

பிறகு, மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருப்பதைச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.